பாயான் லெப்பாசா, சைபர்ஜெயாவா? முதல் வேலைக்கு ஊர் தேடுவோருக்குச் சில வார்த்தைகள்

தமிழ்மொழிக் கழக நிகழ்ச்சிகளுக்கு முன்னாள் மாணவி என்ற முறையில் வரும்போதெல்லாம், நிகழ்ச்சி முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில் இறுதியாண்டு மாணவர் யாராவது ஒருவர் என்னிடம் வந்து நிற்பார். "அக்கா, இரண்டு இடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்று பினாங்கு, இன்னொன்று சைபர்ஜெயா. எதற்குப் போகலாம்?" நின்றுகொண்டே பதில் சொல்லி முடிக்கக்கூடிய கேள்வி அல்ல இது. அதனால்தான் இவ்வாண்டு மலரில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதே கேள்வி 2012ஆம் ஆண்டில் எனக்கும் வந்தது. மின்னியல் பொறியியல் முடித்திருந்தேன். கிள்ளான் தாமான் செந்தோசாவில் எங்கள் வீட்டுச் சமையலறை மேசையில் இரண்டு கடிதங்கள் கிடந்தன. ஒன்று சைபர்ஜெயாவில் இருந்த ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவி மையத்திலிருந்து வந்தது. சம்பளம் 2,900 வெள்ளி. மற்றொன்று பினாங்கு பாயான் லெப்பாசில் ஒரு மின்னணு ஆலையிலிருந்து வந்தது. சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் பொறியாளர் வேலை, சம்பளம் 2,600 வெள்ளி.

அம்மா யோசிக்கவே இல்லை. "முந்நூறு வெள்ளி கூட. வீட்டிலிருந்தே போய் வரலாம். பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் அனுப்பிட்டு நான் எப்படித் தூங்குவேன்?" என்றார். அப்பா போர்ட் கிள்ளானிலிருந்து பட்டர்வொர்த் வரைக்கும் கொள்கலன் லாரி ஓட்டியவர். அவர் இரண்டு கடிதங்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாலை எனக்குத் தெரியும். வேலை உனக்குத்தான் தெரியும். ரெண்டையும் எழுதிப் பாரு," என்றார்.

எழுதிப் பார்த்தேன். அன்று எழுதியதில் சில சரி, சில தவறு. அவற்றைத்தான் இங்கே உங்கள்முன் வைக்கிறேன்.

சம்பளக் கடிதத்தில் இல்லாத கணக்கு

சைபர்ஜெயாவின் 2,900 வெள்ளியில் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு, அதாவது 319 வெள்ளி போகும். சொக்சோவையும் கழித்தால் கைக்கு ஏறத்தாழ 2,565 வெள்ளி வரும். அன்று சைபர்ஜெயாவுக்கு ரயிலில் போவதென்றால் கிள்ளானிலிருந்து கொமுட்டர் பிடித்துக் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து விமான நிலைய ரயிலில் புத்ராஜெயா நிலையம், பிறகு பேருந்து. நேர்முகத் தேர்வு நாளன்று அப்படித்தான் போனேன். ஒரு வழிக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஆகவே கார் வாங்கியே தீரவேண்டும். கார் தவணை 560 வெள்ளி. கெசாஸ், எலைட் நெடுஞ்சாலைகளின் டோல் கட்டணமும் பெட்ரோலும் சேர்த்து 620 வெள்ளி. வெளிச் சாப்பாடும் கார் நிறுத்தமும் 350 வெள்ளி. உயர்கல்விக் கடன் தவணை 150 வெள்ளி. மிஞ்சுவது 885 வெள்ளி.

பாயான் லெப்பாசின் 2,600 வெள்ளியில் பிடித்தங்கள் போகக் கைக்கு ஏறத்தாழ 2,300 வெள்ளி வரும். அறை வாடகை 300, மின்சாரம் தண்ணீர் 50, சாப்பாடு 500. பல்கலைக்கழகத்தில் ஓட்டிய பழைய மோட்டார் சைக்கிளுக்கு 120. மாதம் இருமுறை பேருந்தில் கிள்ளானுக்குப் போய்வர 160. கடன் தவணை 150. மிஞ்சுவது 1,020 வெள்ளி.

முந்நூறு வெள்ளி குறைவான வேலையில் 135 வெள்ளி கூடுதலாக மிஞ்சியது! அம்மா இரண்டு முறை கூட்டிப் பார்த்தார். இந்தத் தொகைகள் இன்று மாறிவிட்டன. உங்கள் கணக்கு வேறாக இருக்கும். ஆனால் கூட்டிக் கழிக்கும் முறை மாறவில்லை. கடிதத்தில் உள்ள சம்பளத்தை ஒப்பிடாதீர்கள். மாதக் கடைசியில் கையில் நிற்பதை ஒப்பிடுங்கள்.

நேரத்துக்கும் கணக்கு உண்டு. காரில் போய்வர நாளுக்கு மூன்று மணி நேரம் என்று வைத்தால், மாதம் 22 வேலை நாளில் 66 மணி நேரம் சாலையிலேயே கழியும். மேலும் அந்த உதவி மையம் ஐரோப்பிய வாடிக்கையாளர்களுக்கானது. வேலை பிற்பகலில் தொடங்கி நள்ளிரவில் முடியும். அதைக் கேட்டதும் அப்பா சொன்னார்: "நீ வர்ற நேரம் நாங்க தூங்கிட்டிருப்போம். நாங்க எழுந்திருக்கிற நேரம் நீ தூங்குவ. இதுக்குப் பேரு வீட்டிலிருந்து போய்வர்றதா?"

இரண்டு ஊர்களும் எப்படி உருவாயின?

இரண்டையும் தொழில்நுட்ப நகரம் என்றே பத்திரிகைகள் எழுதுகின்றன. ஆனால் இரண்டும் வெவ்வேறு விதையில் முளைத்தவை. இதைத் தெரிந்துகொள்ளாமல் ஊரைத் தேர்ந்தெடுப்பது, மண்ணைப் பார்க்காமல் நாற்று நடுவதைப் போன்றது.

பினாங்குத் தீவு தன் சுதந்திரத் துறைமுகத் தகுதியை 1969இல் இழந்தது. துறைமுகத்தை நம்பியிருந்த ஊரில் வேலையின்மை பெருகியது. அவ்வாண்டில் முதலமைச்சரான டாக்டர் லிம் சோங் இயூவின் அரசாங்கம் பினாங்கு மேம்பாட்டுக் கழகத்தை அமைத்தது. 1972இல் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியது. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அங்கேதான், நெல்வயலாக இருந்த நிலத்தில் அமைத்தது. ஏஎம்டி, ஹியூலட் பேக்கர்ட், போஷ், ஹிட்டாச்சி முதலியவையும் வந்தன. தொடக்கத்தில் வந்த எட்டு நிறுவனங்களைப் பினாங்கில் இன்றும் 'எட்டு சாமுராய்கள்' என்பார்கள். அந்த ஆலைகளில் நுண்ணோக்கியில் கண் வைத்து உழைத்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள் என்பதை என் அம்மாவுக்கு நான் பிறகுதான் சொன்னேன்.

ஆலைகள் வந்தபின் அவற்றுக்கு வேண்டிய அச்சுகள் செய்யும் பட்டறைகள், இயந்திரம் பழுது பார்ப்போர், சோதனைக் கருவி தயாரிப்போர் என்று சுற்றிலும் ஒரு வலை பின்னப்பட்டது. 1989இல் பினாங்குத் திறன் மேம்பாட்டு மையம் தொடங்கியது. 1996இல் பக்கத்து மாநிலமான கெடாவில் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தது. இன்று உலகின் சில்லுப் பொதிவு, சோதனைப் பணிகளில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடக்கிறது. அதில் பெரும்பங்கு பினாங்கையும் கூலிமையும் சார்ந்தது. 2021 டிசம்பரில் இண்டெல் 3,000 கோடி வெள்ளி முதலீட்டை அறிவித்தபோது, அது ஐம்பது ஆண்டு வலையை நம்பித்தான் அறிவித்தது.

சைபர்ஜெயாவின் கதை வேறு. 1996இல் அப்போதைய பிரதமர் துன் டாக்டர் மகாதீரின் அரசாங்கம் பல்லூடகப் பெருவழித் திட்டத்தைத் தொடங்கியது. 1997 மே 17ஆம் நாள் சைபர்ஜெயா அதிகாரப்பூர்வமாகத் திறப்பு விழா கண்டது. இரண்டே மாதத்தில் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. ஆயினும் நகரம் நின்றது. தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு வரிச்சலுகை, வெளிநாட்டு அறிவுசார் ஊழியர்களை அமர்த்தும் உரிமை, அதிவேக இணையம் ஆகியவைதாம் அதன் உரம். அதனால் அங்கே வளர்ந்தவை மென்பொருள், வாடிக்கையாளர் உதவி, பன்னாட்டு வங்கிகளின் பின்னணிப் பணிகள், தரவு மையங்கள்.

இங்கே நம்மவர் மறக்கக்கூடாத ஒன்றும் உண்டு. அந்த வட்டாரம் முழுதும் ரப்பர், செம்பனைத் தோட்டங்களாக இருந்த நிலம். பக்கத்தில் புத்ராஜெயா எழுந்தபோது பெராங் பெசார், செட்ஜ்லி, மெடிங்லி, காலவே ஆகிய தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த தமிழ்க் குடும்பங்கள் டிங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்கு இடம்பெயர்ந்தன. நம்மில் ஒருவர் சைபர்ஜெயாவில் கணினிமுன் அமர்வது அந்த மண்ணுக்குத் திரும்பி வருவதுதான்.

ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சில்லுச் சோதனை இயந்திரத்தை வீட்டுக்குத் தூக்கிச் செல்ல முடியாது. மென்பொருளை எங்கிருந்தும் எழுதலாம். பல்லூடகப் பெருவழித் தகுதி பின்னாளில் கேஎல்சிசி, கேஎல் சென்ட்ரல் முதலிய இடங்களுக்கும் விரிந்ததும் பல நிறுவனங்கள் நகரத்துக்குள்ளேயே இருந்துவிட்டன. 2022இல் அத்திட்டம் 'மலேசியா டிஜிட்டல்' என்று மாறியது. ஆக, மென்பொருள் துறையில் இருப்பவருக்குச் சைபர்ஜெயா தனி ஊர் அல்ல. கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதுமே ஒரே ஊர். வன்பொருள் துறையில் இருப்பவருக்கோ பாயான் லெப்பாஸ், பத்து காவான், கூலிம் மூன்றும் சேர்ந்தது ஒரே ஊர்.

இரண்டாவது வேலை

நான் பாயான் லெப்பாசைத் தேர்ந்தெடுத்தேன். காரணம் அந்த 135 வெள்ளி என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையான காரணம் 2014இன் கடைசியில்தான் விளங்கியது.

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் பிரிவைச் சேர்ந்த அனைவரையும் கூட்ட அறைக்கு அழைத்தார்கள். எங்கள் சோதனை வரிசை வேறு நாட்டுக்கு மாற்றப்படுகிறது என்றார்கள். இரண்டு மாதச் சம்பளமும் ஒரு சான்றுக் கடிதமும் தந்தார்கள். அன்று மாலை அம்மா கைப்பேசியில் அழைத்தபோது, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்மா," என்றேன். சாப்பிடவில்லை.

அந்த வாரத்திலேயே மூன்று நேர்முகத் தேர்வுகளுக்குப் போனேன். மூன்றும் என் அறையிலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிட தூரம். நான்காவது, அவ்வாண்டு மார்ச்சில் திறந்த இரண்டாவது பாலத்தைக் கடந்து பத்து காவானில். ஐந்தாவது வாரம் வேறொரு நிறுவனத்தில் சேர்ந்தேன். அறையை மாற்றவில்லை. சாப்பாட்டுக் கடையை மாற்றவில்லை. சம்பளம்கூட உயர்ந்தது. அதன்பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிமே இப்படி மறைக்காத," என்றார்.

இளைய நண்பர்களே, நான் சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான். முதல் வேலைக்காக ஊரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இரண்டாவது வேலைக்காகத் தேர்ந்தெடுங்கள். முதல் வேலையை உங்களுக்குத் தருவது ஒரு நிறுவனம். இரண்டாவது வேலையைத் தருவது அந்த ஊர். முதல் நிறுவனம் நாளை கதவை மூடினால், வீட்டை மாற்றாமல் நீங்கள் தட்டக்கூடிய கதவுகள் எத்தனை? அந்த எண்ணிக்கையை எழுதிப் பாருங்கள்.

என் வகுப்பில் படித்த ஒருவர், வீட்டுக்குப் பக்கம் என்பதற்காகவே சைபர்ஜெயா சென்றார். அவரும் என்னைப்போல் வன்பொருள் படித்தவர். அந்த வேலை பிடிக்காமல் விலக நினைத்தபோது, அவர் படித்த துறையில் வீட்டுக்கு எட்டும் தூரத்தில் வேலை அரிதாக இருந்தது. இன்று விற்பனைத் துறையில் இருக்கிறார். குறைவில்லைதான், ஆனால் நான்காண்டுப் படிப்பு அலமாரியில் இருக்கிறது.

அதே ஆண்டில் கணினி அறிவியல் முடித்த என் அறைத்தோழியும் சைபர்ஜெயாவைத்தான் தேர்ந்தெடுத்தாள். அவளுக்கு அது மிகச் சரியான முடிவு. பிரிக்பீல்ட்சில் அறை எடுத்தாள். மூன்றாண்டு கழித்துப் பங்சார் சவுத்தில் ஒரு நிறுவனம், அதன்பின் கேஎல் சென்ட்ரலில் ஒரு வங்கி. மூன்று வேலை மாறியும் வீடு அதே வீடு. அவள் பினாங்குக்கு வந்திருந்தால், நான் சைபர்ஜெயாவில் பட்டிருக்கக்கூடிய பாட்டை இங்கே அவள் பட்டிருப்பாள்.

ஆழமும் அகலமும்

பினாங்கில் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. அது ஆழமான ஊர். அகலமான ஊர் அல்ல. உலகில் சில்லுகளின் தேவை சரிந்தால் ஓர் ஆலை மட்டும் சரியாது. எல்லா ஆலைகளும் ஒரே மாதத்தில் ஆள் எடுப்பதை நிறுத்தும். 2009 ஜனவரியில், உலக நிதி நெருக்கடியின்போது, இண்டெல் பினாங்கில் இருந்த இரண்டு பொதிவு, சோதனை ஆலைகளை மூடப்போவதாக அறிவித்தது. நான் வேலை இழந்தது நல்ல காலத்தில். அதனால் ஐந்து வாரத்தில் பிழைத்தேன். கெட்ட காலமாக இருந்திருந்தால் ஐந்து மாதம் ஆகியிருக்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கு அகலமான இடம். வங்கி, தொலைத்தொடர்பு, எண்ணெய், அரசாங்கம் என்று ஒன்று படுத்தால் இன்னொன்று நிற்கும். ஆகவே ஆழத்தை நம்பிப் போகிறவர் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைக்கவேண்டும். அந்த 135 வெள்ளியின் உண்மையான பயன் அதுதான்.

வாடகை வீடு என்னும் சோதனை

இதை எழுதத் தயங்கினேன். ஆனால் எழுதாவிட்டால் உங்களுக்கு உதவாது. பினாங்கில் அறை தேடியபோது கைப்பேசியில் இனிமையாகப் பேசியவர்கள், என் பெயரைக் கேட்டதும் "அறை போய்விட்டது" என்றார்கள். மூன்று முறை இது நடந்தது. சைபர்ஜெயாவில் வீடு தேடிய நண்பர்களும் இதே அனுபவத்தைச் சொன்னார்கள். எந்த இனத்தவருக்கு வாடகைக்கு விடுவோம் என்று விளம்பரத்திலேயே எழுதுவோர் இருக்கும் நாடு இது. இது உங்கள் குறையன்று. ஆனால் உங்கள் செலவு. வேலை தொடங்கும் வாரத்தில் விடுதி அறைக்குப் பணம் கட்டிக்கொண்டு வீடு தேடுவது பெரிய துன்பம்.

எனக்கு உதவியது நம் கழகம்தான். மூத்த மாணவி ஒருவர் சுங்கை நிபோங்கில் மூன்று பெண்களுடன் தங்கியிருந்தார். நான்காவது கட்டில் எனக்குக் கிடைத்தது. பினாங்குக்குப் போகிறவர்கள் தீவில் மட்டும் தேடாதீர்கள். பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் வாடகை குறைவு, நம்மவரும் மிகுதி. வேலையிடம் பத்து காவானாக இருந்தால் பாலம் கடக்கவே வேண்டியதில்லை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்ற பழமொழி பினாங்கில் சில நேரம் உண்மையாகவே இருக்கிறது.

சைபர்ஜெயாவுக்குப் போகிறவர்களுக்கு நல்ல செய்தி ஒன்று. 2023 மார்ச்சில் புத்ராஜெயா எம்ஆர்டி தடம் முழுமையாகத் திறந்தபின் சைபர்ஜெயாவுக்கு இரண்டு நிலையங்கள் கிடைத்தன. பிரிக்பீல்ட்சில் தங்கினால் முசியம் நெகாராவில் ஏறித் துன் ரசாக் எக்ஸ்சேஞ்சில் மாறிப் போகலாம். கார் வாங்கும் கட்டாயம் இல்லை. ஆனால் எந்த நிலையத்திலிருந்து அலுவலகத்துக்கு எப்படிப் போவது என்பதை ஒரு நாள் நேரில் சென்று பாருங்கள். வரைபடத்தில் பக்கமாகத் தெரிவது வெயிலில் நடக்கும்போது பக்கமாக இருக்காது.

வீட்டில் யாருக்காவது ஒன்று என்றால்?

கணக்கில் நான் எழுத மறந்த வரி இதுதான். 2021 ஜூலையில், பெருந்தொற்றுக் காலத்தில், கிள்ளானில் என் பாட்டி காலமானார். அப்போது மாநிலம் கடக்கத் தடை இருந்தது. அக்டோபர் 11ஆம் நாள்தான் அது நீங்கியது. காவல் நிலையத்தில் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். தாப்பா ஓய்விடத்தில் வண்டியை நிறுத்தியபோது அப்பா அழைத்தார். எல்லாம் முடிந்துவிட்டது, மெதுவாக வா என்றார். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்கு எந்த 135 வெள்ளியும் ஈடாகாது. ஆனாலும் என் முடிவு தவறு என்று நான் நினைக்கவில்லை. அந்தச் சம்பளத்தில்தான் பாட்டியின் மருந்துச் செலவைக் கடைசி ஐந்து ஆண்டுகள் பார்த்தோம். நான் சொல்வது என்னவென்றால், இந்த வரியையும் எழுதிவிட்டு முடிவெடுங்கள். நீங்கள் ஒரே பிள்ளையா? பெற்றோருக்கு அருகில் அண்ணன், அக்கா யாராவது இருக்கிறார்களா? நள்ளிரவில் அழைப்பு வந்தால் எந்த வண்டியில், எத்தனை மணிக்கு வீட்டை அடைவீர்கள்? இன்று பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு மின்ரயிலில் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆனால் நள்ளிரவில் ரயில் இல்லை. கையில் கொஞ்சம் பணமும், கூட வரக்கூடிய ஒரு நண்பரும் இருக்கவேண்டும்.

முடிவாக

இரண்டு கடிதங்கள் உங்கள் மேசைக்கு வரும்போது ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இருபக்கமும் ஐந்து வரிகள் எழுதுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சும் தொகை. சாலையில் போகும் மணி நேரம். முதல் வேலை போனால் வீடு மாறாமல் தட்டக்கூடிய கதவுகள். தங்குவதற்கு உறுதியான ஓர் இடம். வீட்டுக்குத் திரும்பும் வழி. மூன்றாவது வரிக்கு மற்றவற்றைவிட அதிக மதிப்புக் கொடுங்கள். ஐந்தாவது வரியைப் பெற்றோருடன் உட்கார்ந்து எழுதுங்கள். நான் தனியாக எழுதினேன். அதுதான் நான் செய்த தவறு.

நானும் என் வீட்டுத் தோழிகளும் இன்றும் ஒரு வழக்கத்தை விடாமல் வைத்திருக்கிறோம். பினாங்குக்கு முதல் வேலைக்கு வரும் நம் கழக மாணவிகளுக்கு முதல் மாதம் தங்க ஒரு கட்டில் உண்டு. வாடகையை முதல் சம்பளம் வந்தபின் கொடுத்தால் போதும். கழகச் செயலவையிடம் சொல்லுங்கள், அவர்கள் எங்களிடம் சொல்வார்கள். மாணவர்களுக்கும் இதுபோல் ஓர் ஏற்பாடு இருந்தால் நலம். அதைச் செய்யக்கூடிய முன்னாள் மாணவர்கள் இந்த மலரைப் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.